ஆதார் ஆளைக் காட்டும், நிலத்தைக் காட்டாது: 2020 பி.எம். கிசான் முறைகேடு – நிகழ்வு ஆய்வு

2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பலருடைய வங்கிக் கணக்கில் ஒன்றிய அரசு பி.எம். கிசான் திட்டத்தில் உழவர்களுக்குத் தரும் உதவித்தொகை ஏறியிருந்தது வெளியே வந்தது. அடுத்த சில வாரங்களில் திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கல்பட்டு என்று பட்டியல் நீண்டது. செப்டம்பர் முதல் பாதியில் அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தகுதியற்றவர்களுக்குப் போயிருப்பதாக அறிவித்தார். ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு வந்தது. 5.95 லட்சம் கணக்குகளைச் சோதித்ததில் 5.38 லட்சம் தகுதியற்றவை என்று ஒன்றிய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது.

இந்த முறைகேட்டில் யாரும் வங்கியின் கணினிக்குள் புகவில்லை, போலி ஆதாரும் அச்சடிக்கவில்லை. பெயர், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் பெரும்பாலும் உண்மையானவை. பொய்யாக இருந்தது ஒன்றுதான், அந்த ஆளிடம் நிலம் இருக்கிறது என்ற உறுதிமொழி. அதை மட்டும் எந்த இடத்திலும் இயந்திரம் கேட்கவில்லை.

திட்டமும் பணம் நடக்கும் வழியும்

பி.எம். கிசான் 2019 பிப்ரவரி 1 இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு காலம், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று, டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்று. முதலில் 2 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர் வரை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 ஜூன் முதல் நில அளவு வரம்பு நீங்கியது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். கணவன் பெயரில் ஒரு பட்டா, மனைவி பெயரில் ஒரு பட்டா என்றாலும் ஒருவருக்குத்தான் பணம்.

யாருக்குக் கிடையாது என்பதற்கும் பட்டியல் உண்டு. கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள், கடைநிலை ஊழியர் நீங்கலாக அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குவோர், தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், தணிக்கையாளர், மக்கள் பிரதிநிதிகளாக இருந்தவர்கள், இருப்பவர்கள். இந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்தால் ஓட்டை புரியும். விலக்கு விதிகள் எல்லாமே வசதியானவரைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. நிலமற்ற ஏழை ஒருவர் இந்த வடிகட்டிகள் அத்தனையையும் தாண்டிவிடுவார். அவர் வரி கட்டுவதில்லை, அரசு வேலையில் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவரை நிறுத்தக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சர்வே எண் என்ன?

பணம் நடக்கும் வழி இது. விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில் ஏறுகிறது. வட்டாரம், மாவட்டம் என்று ஒவ்வொரு நிலையிலும் அதற்கென உள்ள நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு ஒப்புதல் தர வேண்டும். மாநிலப் பொறுப்பு அலுவலர் தொகுதியாகக் கையொப்பமிட்டு நிதி மாற்றக் கோரிக்கை அனுப்புகிறார். ஆதார் விவரம், ஆதாரை வழங்கும் அடையாள ஆணையத்தின் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படுகிறது. ஒன்றிய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு வங்கிக் கணக்கு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு நிதி மாற்ற ஆணை பிறந்து பணம் நேராகக் கணக்குக்குப் போகிறது. நடுவில் எந்த அதிகாரியின் கையிலும் ரூபாய் நோட்டு படுவதில்லை. அதனால்தான் இதில் ஊழலுக்கே இடமில்லை என்று பலரும் நம்பினார்கள். ரொக்கத்தைத் தொட முடியாவிட்டாலும் பட்டியலைத் தொட முடியும் என்பதை 2020 காட்டியது.

முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும்

2019 தொடக்கத்தில் பட்டியல் கிராமத்திலிருந்து புறப்பட்டது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வழியாக வந்தது. தன் கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேடும், யார் பெயரில் எந்த நிலம் என்று காட்டும் சிட்டாவும் வி.ஏ.ஓ.விடம் இருக்கும். யாருக்கு எந்தப் புலத்தில் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். தவறுகள் அப்போதும் இருந்தன: வரி கட்டுபவர்கள் உள்ளே வந்தார்கள், ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வாங்கினார்கள். ஆனாலும் நிலமே இல்லாதவர் லட்சக்கணக்கில் நுழைவதற்கு அங்கே இடமில்லை.

விடுபட்டவர்களுக்காகப் பின்னர் சுயபதிவு திறக்கப்பட்டது. உழவர் தானே இணையத்தில் பதியலாம், அல்லது பொதுச் சேவை மையத்தில் பதியலாம். நோக்கம் நல்லதே. வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நாலு முறை நடந்து அலுத்தவர்களுக்கு அது உண்மையில் உதவியது. ஆனால் அப்படி வரும் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தரும் வேலை வேளாண் துறையின் வட்டார, மாவட்ட அளவிலான நுழைவுகளில் வந்து நின்றது. சர்வே எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எதையாவது நிரப்பினால் போதும். அந்த எண்ணைத் தமிழ்நாட்டின் நிலப் பதிவேட்டோடு தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் இணைப்பு அப்போது இல்லை.

வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தின் அன்றாடம் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை. விதை, இடுபொருள், மானியக் கோப்பு, பயிர் காப்பீடு, ஆய்வுக் கூட்டம் என்று அதிகாரிக்கு நாள் போதாது. தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்க்கும் வேலை கணினி தெரிந்த ஒப்பந்தப் பணியாளரிடம் போகும். அவரிடம் கடவுச்சொல் இல்லாமல் வேலை நடக்காது. ஒப்புதல் என்பது அதிகாரியின் கையொப்பத்துக்குச் சமம். அந்தக் கையொப்பம் பொறுப்பு ஏற்க வேண்டிய நிலையிலேயே இல்லாத ஒரு தற்காலிக ஊழியரிடம் போய்ச் சேர்ந்தது. கடவுச்சொற்கள் அதிகாரமில்லாதவர்களால் பயன்படுத்தப்பட்டதற்காக வட்டார அளவிலான அலுவலர்கள் 3 பேரும் உதவி வேளாண் அலுவலர்கள் 5 பேரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அந்தக் கடவுச்சொல் அலுவலகத்தை விட்டும் வெளியேறியது. தனியார் கணினி மையங்களும் தரகர்களும் உள்ளே வந்தார்கள். ஊரடங்குக் காலம், கூலி வேலை இல்லை, கையில் காசு இல்லை. ‘கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்கள்’ என்று சொன்னால் யார்தான் மறுப்பார்? வந்த தொகையில் ஒரு பங்கு தரகருக்கு. கொடுத்தவர்களில் பலருக்குத் தாங்கள் உழவர்கள் என்ற பெயரில் பதியப்பட்டதே தெரியாது. இவர்களைக் குற்றவாளிகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. பதிந்தவரும் ஒப்புதல் தந்தவரும் ஒருவராகவே இருந்தது, அல்லது ஒரே கூட்டமாக இருந்தது. இந்த வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. பதிபவர் வேறு, ஒப்புதல் தருபவர் வேறு என்ற இரண்டு பூட்டு ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. சாவி இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கின.

வெள்ளம் வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தடயவியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. திட்டத்தின் ஒரு விதியே போதும். 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான் தகுதி. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்கு இல்லை. நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு மாறினால் மட்டும் விலக்கு. ஆகவே 2020இல் புதிதாக வருபவர் யாராக இருக்க முடியும்? முதல் சுற்றில் பெயர்ப் பிழையாலோ அலைச்சலாலோ விடுபட்டவர், வாரிசு, 2019 ஜூனுக்குப் பிறகு தகுதி பெற்ற 2 ஹெக்டேருக்கு மேற்பட்டவர். கடைசி வகையினர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்குள்ள 79 லட்சத்துச் சொச்சம் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் நிலத் தொகுப்புகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் 2 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு, குறு கைப்பற்றுகள். சராசரி அளவு 0.75 ஹெக்டேர். அப்படியானால் புதுப் பதிவு சொட்டுச் சொட்டாக வந்திருக்க வேண்டும். மடை உடைந்தது போல வந்தது. ஊரடங்கில் பத்திரப் பதிவே மந்தமாக இருந்த மாதங்களில் நில உரிமையாளர் எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஏறுவதற்குக் காரணமே இல்லை.

இன்றைக்கும் இந்த வகைத் திட்டத்தைத் தணிக்கை செய்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். வருவாய்க் கிராமம் ஒவ்வொன்றிலும் வேளாண் பட்டா எத்தனை, பயனாளி எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். பயனாளி எண்ணிக்கை பட்டாவைத் தாண்டினால் அந்தக் கிராமத்தை முழுதாகத் திறக்க வேண்டும். அடுத்து, ஒரே கைப்பேசி எண் எத்தனை பெயருக்குப் போகிறது, ஒரே சர்வே எண் எத்தனை முறை வருகிறது, 20 வயதுக்காரர்கள் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஒப்புதல் விழுந்திருக்கிறது என்பவை. ஒருவர் நேர்மையாகச் சிட்டாவைப் பார்த்து ஒப்புதல் தந்தால் ஒரு விண்ணப்பத்துக்குச் சில நிமிடமாவது ஆகும். நிமிடத்துக்குப் பல ஒப்புதல் என்றால் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று பொருள்.

110 கோடி என்ன சொல்கிறது

110 கோடியை 5.38 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2,045 ரூபாய் வரும். அதாவது சராசரியாக ஒரு தவணைதான் போயிருக்கிறது. ஒரு நான்கு மாத காலத்துக்குள் பெயர் ஏறிவிட்டால் அந்தக் காலத்திலிருந்தே பணம் உண்டு என்பது விதி. ஆகவே ஜூலை முடிவதற்குள் ஏற்றப்பட்டவர் ஏப்ரல்-ஜூலை தவணைக்கும் தகுதி பெறுவார், ஆகஸ்ட்-நவம்பர் தவணைக்கும் தகுதி பெறுவார். ஆகஸ்ட் 9 அன்று நாடு முழுவதும் 8.5 கோடிப் பேருக்கு 17,000 கோடி ரூபாய் ஆறாம் தவணையாக விடுவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் விவகாரம் வெடித்தது அதற்குப் பின் வந்த நாட்களில்.

இன்னொரு கணக்கும் போடலாம். இதே பெயர்கள் ஓராண்டு முழுக்கப் பட்டியலில் இருந்திருந்தால் 5.38 லட்சம் பெருக்கல் 6,000, அதாவது 322 கோடிக்கும் மேல் போயிருக்கும். பிடித்தது தாமதம்தான், ஆனால் முதல் தவணையோடு பெரும்பகுதி நின்றது. இந்த ஓர் இடத்தில் மாநில நிர்வாகம் வேகமாக நகர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. வட்டார, மாவட்ட நுழைவுகள் உடனே முடக்கப்பட்டன. 13 மாவட்டங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஒப்பந்தப் பணியாளர் உட்பட 52 பேர் கைதானார்கள். அலுவலர்கள் 34 பேர் மீது துறை நடவடிக்கை தொடங்கியது.

திரும்பப் பெறுதல்

செப்டம்பர் முதல் பாதியில் 32 கோடி மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அதே மாதம் நாடாளுமன்றத்தில் 61 கோடி என்றார்கள். இரண்டாயிரம் ரூபாய் வீதம் பார்த்தால் மூன்று லட்சம் தவணைகளுக்கு மேல் திரும்பின என்று ஆகிறது. அரசுப் பணம் தவறிப் போன வழக்குகளில் இது அரிதான வேகம். காரணம் எளிது. பெறுபவர் யார் என்பது தெரியும், கணக்கு எண் தெரியும், சில வாரப் பழைய பணம். மாவட்ட நிர்வாகம் வங்கிகளுக்கு எழுதியது, கணக்கு முடக்கப்பட்டது, இருப்பிலிருந்து தொகை பிடிக்கப்பட்டது. எந்த ஆதாரை வைத்து ஏமாற்றினார்களோ அதே ஆதார்தான் வழியைத் திருப்பிக் காட்டியது.

மீதிப் பாதி கடினம். கணக்கில் இருப்பு இல்லாதவரிடம் இரண்டாயிரத்துக்காக வீடு வீடாகப் போக வேண்டும். போகிற ஊழியரின் நாள் சம்பளமே சில வீடுகளில் மீட்கும் தொகையைத் தின்றுவிடும். இன்னொரு அநியாயமும் உண்டு. தரகர் தன் பங்கை முன்பே ரொக்கமாக எடுத்துக்கொண்டார். அரசு திருப்பிக் கேட்பது முழு 2,000. ஆயிரத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டவர் தன் கையிலிருந்து ஆயிரம் போட்டுக் கட்ட வேண்டும். ஊரடங்கில் கூலியிழந்த ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. தரகரிடமிருந்து அந்தப் பங்கை மீட்டு அவர்கள் சார்பில் வரவு வைக்கிற ஏற்பாட்டை விசாரணையின் முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பிறகு வந்த பூட்டுகள்

2022இலிருந்து மூன்று சோதனைகள் கட்டாயமாயின. ஒன்று, மின்னணு அடையாளச் சரிபார்ப்பு. ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்தால் தளத்திலேயே இலவசமாக முடிக்கலாம். இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை, கட்டணம் 15 ரூபாய். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அதற்காக 2023 ஜூனில் முகம் காட்டிச் சரிபார்க்கும் செயலி வந்தது. இரண்டு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு. ஒருவருக்கு நாலு கணக்கு இருந்தால் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். ‘பணம் வரவில்லை’ என்று வருபவர்களில் சிலருக்கு அது மறந்துபோன வேறொரு வங்கியில் கிடக்கும். அஞ்சலகத்தில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி ஆதாரை இணைப்பது சிக்கலான கணக்குகளுக்கு விரைவான வழி.

மூன்றாவதுதான் 2020இல் இல்லாதது: நில ஆவண இணைப்பு. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு எண் எல்லாம் வருவாய்த் துறைப் பதிவோடு பொருந்த வேண்டும். தளத்தில் தன் நிலையைப் பார்க்கும் உழவர் இந்த மூன்றும் ‘ஆம்’ என்று இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்பு ‘இல்லை’ என்றால் சேவை மையம், வங்கி இணைப்பு ‘இல்லை’ என்றால் வங்கிக் கிளை, நில இணைப்பு ‘இல்லை’ என்றால் சிட்டா நகலோடு வட்டார வேளாண் அலுவலகம். ஒன்றுக்குப் போக வேண்டியவர் இன்னொன்றுக்குப் போய் நிற்பதால் வீணாகும் மாதங்கள் ஏராளம். 2025இல் இவற்றுக்கு மேல் உழவர் தனித்துவ அடையாள எண்ணும் சேர்ந்தது.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. ஒரு காலத்தில் 40 லட்சத்தைத் தாண்டிய தமிழ்நாட்டுப் பயனாளிகள் 2025 தவணைகளில் 21 லட்சத்துக்கும் 22 லட்சத்துக்கும் இடையே வந்து நின்றார்கள். நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் விடுவிக்கப்பட்ட 21ஆம் தவணையும் இந்த அளவுதான். குறைந்தவர்களில் போலிகள் ஒரு பகுதி மட்டும். இந்த வித்தியாசம் முழுவதையும் களையெடுப்பு என்று காட்டுவது தவறு.

வெளியே விழுந்தவர்கள் யார்? தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்க, மூன்று மகன்களின் பிள்ளைகள் பிரித்து உழும் குடும்பங்கள். வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவுக்கு அளந்து, தனிப்பட்டா பெற ஆகும் செலவு சில ஆண்டு உதவித்தொகையைத் தாண்டிவிடும். அதனால் விட்டுவிட்டார்கள். கூட்டுப் பட்டாவில் பெயர் இருந்தும் பங்கு பிரிக்கப்படாதவர்கள், ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் பட்டாவில் வேறொன்றும் உள்ளவர்கள், கணவர் இறந்து பெயர் மாற்றம் செய்யாத பெண்கள். இவர்கள் எல்லாருக்கும் 2019 பிப்ரவரிக்கு முந்தைய உரிமை இருக்கிறது, காகிதம் இல்லை. கிராமத்துக்கு ஒரு நாள் வருவாய் ஆய்வாளர், நில அளவர், வி.ஏ.ஓ., உதவி வேளாண் அலுவலர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதில் பெரும்பகுதி தீரும். தனித்தனி அலுவலகமாக அலையவிட்டால் தீராது.

காகிதத்தாலும் தீராத ஒரு கூட்டம் உண்டு. காவிரிப் படுகையில் கோயில், மடத்து நிலங்களையும் தனியார் நிலங்களையும் குத்தகைக்கு எடுத்து உழுபவர்கள். விதை, உரம், கூலி, வெள்ளம், வறட்சி எல்லாம் அவர்கள் தலையில். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தில் தாசில்தாரிடம் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் பல குத்தகைகள் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. பதிந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. துணிந்து பதிந்து, கையில் சான்றோடு வட்டார வேளாண் அலுவலகத்துக்கு வந்தாலும் பி.எம். கிசானுக்கு அது தகுதியாகாது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் தவணை. அவர் சென்னையில் குடியிருந்து பத்தாண்டாக வயலில் கால் வைக்காதவராக இருந்தாலும் சரி.